பதில்: அன்றே

ராஜபாளையம்
9-6-1943

கர்த்தருக்குள் பிரியமான தங்கை இன்பத்துக்கு அண்ணன் ஏசுவடியான் எழுதுவது. இங்கு நலம். உன் நலத்துக்கு எழுது.

பத்தொன்பது நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பிறர் வாயால் நீ கேள்விப்படுவதைவிட நானே தெரிவிப்பது முறை. வருகிற திங்கட்கிழமை முதல் 'பொறுமை விளக்க'த்தை எனக்கு வந்த பழைய கடிதங்களின் பின்பக்கத்தில் எழுதப்போகிறேன்.

லேசாக எடுத்த முடிவல்ல. யுத்தம் வந்ததிலிருந்து காகிதம் படும் பாடு உனக்குத் தெரியும். போன மாதம் நைனா முகமது கடையில் ஒரு குயர் வெள்ளைத்தாள் கேட்டேன். "அண்ணாச்சி, சீனி வேணும்னாக்கூட எங்கயாவது பெரட்டித் தாரேன். தாளு மட்டும் கேக்காதிய" என்றார். பன்னிரண்டு அத்தியாயங்களில் ஒன்பது முடிந்த நூலை, பதினோரு வருஷ உழைப்பை, தாள் இல்லை என்று நிறுத்துவது அவசரக்காரன் செய்கிற காரியம். என்னிடமோ 1919 முதல் வந்த கடிதங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் வந்த தேதி, பதில் போன தேதி இரண்டையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். பஞ்சாலை ஹெட் கிளார்க்குக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. பதில் போன கடிதம் முடிந்த காரியம். அதை நான் திரும்பப் படிப்பதில்லை. ஆகவே முன்பக்கம் உலகத்துக்குப் பயன்பட்டாயிற்று, பின்பக்கம் நூலுக்குப் பயன்படட்டும்.

எந்தக் கடிதத்துக்கும் இருபத்தொரு நாள் கழித்தே பதில் என்ற என் விதியை நீ கேலி செய்வதுண்டு. பாதிக் கடிதங்கள் அந்த இருபத்தொரு நாளில் தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொள்கின்றன என்பதை நீ கவனித்ததில்லை.

ஆலையில் போன வாரம் ஒரு சம்பவம். சரக்குக் கிட்டங்கியில் ஒரு பஞ்சுப் பொதியிலிருந்து ஏதோ கிளம்பியது. புகையா, தூசியா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஃபிட்டர் சுப்புராஜ் ஓடிவந்து, "அண்ணாச்சி, நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்க, நான் ஊத்திட்டு வந்துருதேன்" என்று இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டான். புகைதான். ஆனால் தூசியாக இருந்திருந்தால் ஒரு நல்ல பொதி நனைந்து போயிருக்கும். இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதலாளி அவனுக்கு வேட்டி கொடுத்தார்.

மே மாதம் நீ எழுதியதில், உன் கலியாண விஷயமாக யாரிடமிருந்தாவது எனக்குக் கடிதம் வந்ததா என்று கேட்டிருந்தாய். அந்த வகையில் என்னிடம் நிலுவையில் எதுவும் இல்லை. பொறுத்திரு.

ஒன்பதாம் அத்தியாயத்தைக் கண்டக்டர் மதார் சாகிப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என் கையெழுத்தை அச்சுக்கோப்பவர் எவரும் படிக்கமாட்டார். நீ நகல் எடுக்காவிட்டால் இந்த நூல் இல்லை.

உன் அண்ணன்
ஏசுவடியான்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
12-6-1943

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் முடிவைப் பள்ளி விடுதியில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன். தையல் டீச்சர் சீனியம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, பின்பக்கமும் தீந்துட்டா பொறவு எதுல எழுதுவாக?" என்று கேட்டார்கள். பதிலுக்கு இருபத்தொரு நாள் ஆகட்டும் என்றேன்.

உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஏழு மைல். நடந்தால் மூன்று மணி நேரம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற அந்த பஸ் ஏற்றத்தில் நின்றால்கூட ஒரு மணி நேரம். நாம் அதை இருபத்தொரு நாளில் கடக்கிறோம். உங்கள் காகிதக் கட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போது மதார் சாகிப் சொன்னது: "டீச்சரம்மா, ஒங்க அண்ணாச்சி கட்டு ஏறுனாலே வண்டி இளைக்குது. அம்புட்டும் பொறுமையா உள்ள?" ஆமாம் என்றேன். "அப்ப கொஞ்சம் எடுத்து நம்ம டிரைவருக்குக் குடுங்க" என்றார்.

ஒன்பதாம் அத்தியாயம் நகல் முடிந்தது. இத்துடன் வருகிறது. "காத்திருப்பவனுக்குக் காலம் வேலைக்காரன்" என்ற இடத்தில் மை கொட்டிவிட்டது. மறுபடி எழுதினேன்.

அண்ணா, நீங்கள் நிலுவையில் எதுவும் இல்லை என்று எழுதிய பிறகு மறைத்துப் பயனில்லை. ஜனவரியில் வத்திராயிருப்பு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் விடுதிப் பிள்ளைகளுக்குக் காலரா ஊசி போட வந்தார். மகாராஜபுரத்துக்காரர், நம் சபைதான், பெயர் வேதமணி. நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூட அழவில்லை. நான்கு முறை வந்தார், மூன்று முறைக்கு ஊசி இல்லை. கடைசி முறை, "பிப்ரவரி முதல் வாரத்தில் உங்க அண்ணனுக்கு எழுதுதேன். உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் யோசித்தது போதும் என்று தோன்றியது.

பிப்ரவரி போய் ஜூன் வந்துவிட்டது. அவர் எழுதவில்லை. இங்கும் வரவில்லை. வத்திராயிருப்பில் இல்லை, எங்கோ போய்விட்டார் என்கிறார்கள். சொல்லிவிட்டு மறக்கிற மனிதராக அவர் எனக்குத் தெரியவில்லை. என் கணிப்புத் தப்பாக இருக்கலாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தங்கை
இன்பம்

(மூலையில் சிவப்பு மையில்: வந்தது 14-6-43. பதில் 5-7-43.)

*

ராஜபாளையம்
5-7-1943

பிரியமான தங்கைக்கு,

உன் கடிதத்தை உரிய காலம் ஊறவைத்துப் பதில் எழுதுகிறேன்.

பத்தாம் அத்தியாயம் முடிந்தது. தலைப்பு 'அவசரத்தின் தீமை'. இருபத்தாறு பக்கம். பழைய கடிதங்களின் பின்பக்கத்தில் பேனா நன்றாக ஓடுகிறது. ஒரே ஒரு குறை, அதையும் சொல்லிவிடுகிறேன். முறைப்படி பெட்டியின் அடியிலிருந்து, 1919லிருந்து, தாள் எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பெட்டி முழுவதையும் கவிழ்த்து அடுக்க வேண்டும். எழுத்து ஓடுகிற வேகத்தில் மேலாக இருந்ததை அப்படியே அள்ளி வைத்துக்கொண்டேன். சிறிய பொறுமையின்மைதான். பாதகமில்லை.

நீ எழுதிய கம்பவுண்டர் விஷயம். சொன்னவர் எழுதவில்லை என்றால் அதுவும் ஒருவகைப் பதில்தான். இவ்வளவு சீக்கிரம் அது தெரிந்ததற்கு நீ நன்றி சொல்ல வேண்டும். நான்கு முறை வந்து மூன்று முறைக்கு ஊசி இல்லாதவர் எந்தக் காரியத்திலும் நிலைக்கமாட்டார். என் மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி படி. நகல் எடுத்தவள் நீதான். ஆனால் நகல் எடுப்பது வேறு, படிப்பது வேறு.

பத்தாம் அத்தியாயத்தைச் சீக்கிரம் முடித்து அனுப்பு.

உன் அண்ணன்
ஏசுவடியான்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
8-7-1943

அண்ணனுக்கு,

பத்தாம் அத்தியாயத்தில் ஆறு பக்கம் நகல் எடுத்தேன். ஏழாம் பக்கத்தில் மை மறுபுறம் ஊறியிருந்ததால் தாளைத் திருப்பினேன்.

மறுபுறம் இருந்தது வேதமணியின் கடிதம். உங்களுக்கு எழுதியது. ஒரே பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. தன் வயது, வேலை, மகாராஜபுரத்தில் இருக்கும் தாயார், எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, "தங்கள் தங்கையிடம் பேசியிருக்கிறேன். தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன், எத்தனை நாளானாலும்" என்று முடித்திருக்கிறார். சொன்னபடி பிப்ரவரி முதல் வாரத்தில்தான் எழுதியிருக்கிறார்.

மூலையில் உங்கள் சிவப்பு மை. வந்தது 3-2-43. பதில்: அன்றே.

மீதி இருபத்தைந்து தாள்களையும் திருப்பிப் பார்த்தேன். சோழபுரம் சித்தப்பா சாகக் கிடக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று வந்த கடிதம் இருக்கிறது. அதற்குப் பதில் இருபத்தொரு நாள் கழித்து. அந்தக் கடிதம் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டது. சபைக் கூரை ஒழுகுகிறது என்று உபதேசியார் எழுதியதற்கு இருபத்தொரு நாள். என் ஆறு கடிதங்கள் இருக்கின்றன, ஆறுக்கும் இருபத்தொரு நாள். 'அன்றே' என்ற சொல் ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது.

நிலுவையில் எதுவும் இல்லை என்று எழுதினீர்கள். உண்மைதான்.

ஐந்து மாதம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டிக்கொண்டே ஒன்பதாம் அத்தியாயத்தையும் நன்றாக எழுதிக் கொடுத்தேன். பெட்டியின் அடியிலிருந்து தாள் எடுத்திருந்தீர்களானால் இது என் ஐம்பதாவது வயதில் எனக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அன்று என்ன பதில் எழுதினீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

இன்பம்

(மூலையில்: வந்தது 9-7-43. பதில் 30-7-43.)

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
28-7-1943

அண்ணனுக்கு,

போன கடிதத்தில் கேட்டதற்கு இனிப் பதில் வேண்டாம். பதில் கிடைத்துவிட்டது.

உங்களுக்கு எழுதிய மறுநாளே மகாராஜபுரம் போனேன். அவருடைய தாயார் என்னை யாரென்று கேட்கவில்லை. "வந்துட்டியா தாயி? இம்புட்டு நாளு என்ன செஞ்ச?" என்று மட்டும் கேட்டார்கள். நகல் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? மார்ச் மாதமே அவர் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பூனாவுக்குப் போய்விட்டாராம். உங்கள் கடிதத்தை அலமாரியில், வேதப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துக் காட்டினார்கள். இரண்டே வரி. "இதில் என் தங்கைக்கு விருப்பமில்லை. மேற்கொண்டு எழுத வேண்டாம்."

பதினோரு வருஷத்தில் நீங்கள் எழுதியவற்றில் நகல் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாதது அதுதான். அவ்வளவு தெளிவான கையெழுத்து.

பூனாவுக்கு எழுதினேன். தந்தி வந்தது. ஒரு மாத லீவில் முந்தாநாள் வந்து சேர்ந்தார். மகாராஜபுரம் கோவிலில் ஆகஸ்ட் 1, 8, 15 ஆகிய மூன்று ஞாயிறும் எங்கள் கலியாண ஓலை வாசிப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லிக்கொள்ளச் சபையும் மூன்று வாரம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்றாவது வாரம் முடிந்ததும் கலியாணத்தை நடத்திவிடுகிறது. பொறுமைக்கும் அவசரத்துக்கும் உள்ள அளவு அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது. உங்களிடமும் அளவு இருக்கிறது, அண்ணா. எங்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

கலியாணம் 16ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று குருவானவர் கேட்கும்போது கையைப் பிடித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அம்மா, அப்பா இல்லை. சித்தப்பா இல்லை. என் நான்கு வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். எழுத்துப் பழக்கியதும் நீங்கள்தான். இந்தக் கையெழுத்து உங்களுடையது.

வாருங்கள் என்று நான் கெஞ்சப்போவதில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் எழுத முடியவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு ஏசம்மாள் அக்காவை நினைவிருக்கும். அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று நீங்கள் எழுதிய கடிதம், அவள் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வாரத்தில் சாத்தூரில் போய்ச் சேர்ந்தது. அப்போது எனக்குப் பதினாறு வயது. நீங்கள் மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்காகவாவது இந்த ஒரு கடிதத்தை ஊறவைக்காதீர்கள்.

பத்தாம் அத்தியாயம் திரும்பி வருகிறது, ஏழாம் பக்கம் இல்லாமல். அதன் பின்பக்கம் எனக்கு வேண்டும்.

இன்பம்

(உறையின் மூலையில்: வந்தது 29-7-43. பிரித்தது 19-8-43. பதில்: அன்றே.)

*

ராஜபாளையம்
30-7-1943

பிரியமான தங்கைக்கு,

உன் ஜூலை 8ஆம் தேதிக் கடிதத்துக்கு இது பதில்.

குற்றச்சாட்டை ஏற்கிறேன். பிப்ரவரி மூன்றாம் தேதி அந்தக் கடிதம் வந்தபோது காலை பதினோரு மணி. ஆலையில் மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் என் பதில் தபாலில் விழுந்துவிட்டது. உனக்கு விருப்பமில்லை என்று எழுதினேன். அது அப்போது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. உன்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவகாசம் இல்லாதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

நடந்ததை யோசித்துப் பார்த்தால், அன்று நான் நானாக இல்லை. சுப்புராஜாக இருந்திருக்கிறேன். புகையா தூசியா என்று பார்க்கவில்லை. வாளியை எடுத்து ஊற்றிவிட்டேன்.

காரணம் கேட்பாய். இந்த வீட்டில் சனிக்கிழமை ஒரு கட்டுப் போகிறது. சில நாள் கழித்து அது உன் எழுத்தில் திரும்பி வருகிறது. நான் எழுதுவதை வாசிக்கிற மனுஷர் உலகத்திலேயே ஒருவர்தான். அந்த ஒருவரை மகாராஜபுரத்துக்குக் கொடுத்துவிட்டு நான் பத்தாம் அத்தியாயத்தை யாருக்கு எழுதுவது? இதை நூலில் எங்கு சேர்ப்பதென்று தெரியவில்லை. பன்னிரண்டு அத்தியாயத் தலைப்புகளில் எதிலும் இது அடங்கவில்லை.

ஆனால் பாடம் கற்றுக்கொண்டேன். இருபத்து நான்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் விதியை மீறினேன், அதில் இவ்வளவு கெடுதி. இனி மீறுவதில்லை. நேற்று உன்னிடமிருந்து இன்னொரு கடிதமும் கட்டும் வந்தன. உறையைப் பார்த்ததும் கை பேனாவைத் தேடியது. பிரித்தால் அன்றே ஏதாவது எழுதித் தொலைப்பேனோ என்று பயந்து, பிரிக்காமல் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். என்ன கோபமாக எழுதியிருந்தாலும் இருபத்தொன்றாம் நாள் அமைதியாகப் படிப்பேன். இந்த முறை உனக்கு அநியாயம் செய்யமாட்டேன்.

அந்த வேதமணி எங்கிருந்தாலும் அவருக்கு ஒரு கடிதம் எழுத நினைத்திருக்கிறேன். சொற்களைத் தேர்ந்துகொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன்
ஏசுவடியான்

*

ராஜபாளையம்
19-8-1943

இன்பம்,

இன்று காலை ஏழு மணிக்கு உன் கடிதத்தைப் பிரித்தேன். இப்போது மணி ஏழரை.

16ஆம் தேதி என்று எழுதியிருக்கிறாய். இன்று 19. கலியாணங்கள் ஒத்திப்போவது உண்டு. குருவானவருக்குக் காய்ச்சல் வரலாம். ஓலையில் ஒரு ஞாயிறு தவறலாம். பட்டாளத்தில் லீவை நீட்டியும் கொடுக்கிறார்கள். அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று உடனே எழுது. என் கறுப்புக் கோட்டு இருக்கிறது. பொத்தான் ஒன்றுதான் தைக்க வேண்டும்.

தபாலில் போட்டால் நாளாகும் என்று பஸ் நிலையத்துக்கு ஓடி மதார் சாகிப் கையில் இதைக் கொடுக்கப்போகிறேன். செவ்வாய்க்கிழமை அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிறவர், "என்ன அண்ணாச்சி" என்றுகூடக் கேட்காமல் டிக்கெட்டுக் கட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸுக்குக் கரி கிடைக்காத கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலியை எடுக்கச் சொல்லாதே. வருகிறேன்.

அண்ணன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20-8-1943

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே எழுதுகிறேன்.

ஒத்திப்போகவில்லை. மூன்று ஓலையும் வாசித்தார்கள். ஆட்சேபம் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குக் குருவானவர் வந்துவிட்டார். நீங்கள் முதல் பஸ்ஸில் வருவீர்கள் என்று நான் சொன்னதால் பத்தரை வரை காத்திருந்தார்கள். பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று கேட்டபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "பதினோரு வருசமா ரெண்டு பேருக்கும் நடுவுல கட்டுத் தூக்குனவன் நாந்தான். நான் குடுக்கலாமாய்யா?" என்று கேட்டார். குருவானவர் செத்த நேரம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

என் வீட்டுக்காரருக்கு லீவு முடிந்தது. புதன்கிழமை ரயிலேறிவிட்டார். நான் விடுதியில்தான் இருக்கிறேன். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

என் கையைப் பிடித்துக் கொடுத்தவர் மதார் சாகிப். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பத்து மணி பஸ் ஓடவில்லை.

இன்பம் வேதமணி